போவதா, ஒட்டியிருப்பதா, தனித்து நிற்பதா: நவூருவின் முன்னால் இருந்த மூன்று வழிகள்

1964-ல் பசிபிக் கடலிலுள்ள நவூரு தீவில் வாழ்ந்த, மூவாயிரம் பேர்கூட இல்லாத ஒரு மக்கள் கூட்டத்திடம், அந்தத் தீவை அப்போது நிர்வகித்துவந்த ஆஸ்திரேலிய அரசு ஒரு யோசனையைக் கொண்டுவந்தது. உங்கள் தீவைத் தோண்டி முடித்த பிறகு நீங்கள் குடியிருக்க நிலம் மிஞ்சாது, குவீன்ஸ்லாந்து கரையோரம் கர்ட்டிஸ் என்று ஒரு தீவு இருக்கிறது, வீடு கட்டித் தருகிறோம், குடியுரிமையும் தருகிறோம், எல்லோருமாக வந்துவிடுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

நவூரு மக்கள் மறுத்துவிட்டார்கள். நான்கு வருஷம் கழித்து, 1968 ஜனவரி 31 அன்று, 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவு சுதந்திரக் குடியரசானது. அடுத்த பத்து வருஷத்துக்குள் தலைக்கு வருமானக் கணக்கில் உலகின் பணக்கார நாடுகளின் வரிசையில் நின்றது. இன்னும் முப்பது வருஷத்துக்குள் திவாலும் ஆனது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் முடிப்பார்கள்: இவ்வளவு சின்னத் தீவுக்குத் தனிநாடு எதற்கு, பேசாமல் ஆஸ்திரேலியாவோடு போயிருக்கலாமே. அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அன்று நவூருவுக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன: தீவை விட்டுப் போவது, பெரிய நாட்டோடு ஒட்டிக்கொண்டு அரைச் சுயாட்சி வாங்குவது, முழுசாகத் தனித்து நிற்பது. மற்ற இரண்டு வழிகளிலும் போனால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. ஏனென்றால் அதே காலத்தில், அதே கடலில், பக்கத்துத் தீவுக்காரர்கள் அந்த வழிகளில் நடந்து காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒரு கதவுக் கல்லில் தொடங்கியது

1899-ல் சிட்னியில் ஒரு வணிகக் கம்பெனியின் அலுவலகத்தில், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். நவூருவிலிருந்து யாரோ எடுத்துவந்த கல். பழங்காலத்து மரம் கல்லாகிப் போனது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஆல்பர்ட் எல்லிஸ் என்பவருக்கு அதன் மேல் சந்தேகம் வந்து பரிசோதித்துப் பார்த்தார். உயர்தரமான பாஸ்பேட். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மண்ணுக்கு உயிரூட்டக்கூடிய உரக் கல்.

எல்லிஸ் அதோடு நிற்கவில்லை. நவூருவில் இருந்தால் பக்கத்துத் தீவான பனாபாவிலும் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு 1900-ல் அங்கே போய் இறங்கினார். இருந்தது. வருஷத்துக்கு 50 பவுன், 999 வருஷத்துக்கு என்று பனாபா மக்களிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டவருக்கு எந்த அதிகாரத்தோடு மொத்தத் தீவையும் எழுதிக் கொடுக்க முடியும் என்று யாரும் கேட்கவில்லை. நவூரு அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது. அங்கேயும் நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்குக் கிடைத்தது டன்னுக்கு அரைப் பென்னி அளவுதான்.

முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படை நவூருவைப் பிடித்தது. போருக்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து பிரிட்டிஷ் பாஸ்பேட் ஆணையம் என்று ஓர் அமைப்பை உண்டாக்கி, 42, 42, 16 சதவீதம் என்று பங்கு பிரித்துக்கொண்டன. நவூரு, பனாபா இரண்டையும் தோண்டியது இந்த ஆணையம்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனம், ஒரே மாதிரிக் கல், ஒரே மாதிரி நாசம். அப்புறம் நடந்ததெல்லாம் இரண்டு தீவுகளுக்கும் வேறு வேறாகப் போனதற்குக் காரணம், அரசியலில் அவை எங்கே நின்றன என்பதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நவூரு மக்களுக்கு எண்ணிக்கை என்பது உயிர்ப் பிரச்சினை. 1920-ல் வந்த இன்ஃபுளுவென்சா பலரைக் கொண்டுபோனது. ஓர் இனம் பிழைத்திருக்க 1,500 பேராவது வேண்டும் என்று சொல்லப்பட, அந்த எண்ணிக்கையைத் தொடும் நாளுக்காக ஊரே காத்திருந்தது. 1932 அக்டோபர் 26 அன்று 1,500-வது குழந்தை பிறந்தது. அந்த நாளை அங்காம் தினம் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். பத்து வருஷத்தில் ஜப்பானியர் வந்தார்கள். 1943-ல் 1,200 நவூரு மக்களை ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் தள்ளியிருந்த ட்ரக் தீவுகளுக்கு வேலைக்காகக் கொண்டுபோனார்கள். பட்டினியிலும் குண்டுவீச்சிலும் நோயிலும் செத்தவர்கள் போக 737 பேர் திரும்பிவந்தார்கள். அவர்கள் வந்து இறங்கிய நாள் 1946 ஜனவரி 31.

சுதந்திரத்துக்கும் அதே ஜனவரி 31-ஐத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒருமுறை தீவை விட்டுக் கொண்டுபோகப்பட்டு, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்து திரும்பியவர்களிடம்தான், பதினெட்டு வருஷம் கழித்து, வேறு தீவுக்குப் போய்விடுங்கள் என்று சொன்னார்கள். இதை மறந்துவிட்டு அவர்கள் மறுத்ததைப் பணக் கணக்காக மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது.

முதல் வழி: தீவை விட்டுப் போவது

கர்ட்டிஸ் தீவு நவூருவைப் போலப் பல மடங்கு பெரியது. கிளாட்ஸ்டோன் துறைமுகத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. மருத்துவமனை, பள்ளி, வேலை எல்லாம் எட்டும் தூரத்தில். செலவுக்கு சுமார் ஒரு கோடி பவுன் வரை ஆகும் என்று ஆஸ்திரேலியா கணக்கிட்டது. பணத்தை மட்டும் பார்த்தால் அது கஞ்சத்தனமான யோசனை இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நவூருவின் தலைவர் ஹாமர் டிரோபர்ட்டும் அவருடைய உள்ளாட்சி மன்றமும் கேட்டது இடமும் நாடும். புதிய தீவில் நாங்கள் நவூரு மக்களாகவே, எங்களை நாங்களே ஆண்டுகொண்டு இருக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்திரேலியா தரத் தயாராக இருந்ததோ, குவீன்ஸ்லாந்து சட்டத்துக்குள் அடங்கிய ஓர் உள்ளூர் மன்றம். இரண்டு தலைமுறையில் கரைந்துபோவோம் என்று டிரோபர்ட் பயந்தார். வெள்ளையர் அல்லாதவர் குடியேறுவதை ஆஸ்திரேலியா கொள்கையாகவே தடுத்துவந்த காலம் அது. அந்தப் பயத்தை வீண்பயம் என்று யாரால் சொல்ல முடியும்?

சரி, ஒப்புக்கொண்டு போயிருந்தால்? பனாபாவைப் பாருங்கள்.

பனாபா மக்களையும் ஜப்பானியர் பல தீவுகளுக்குச் சிதறடித்திருந்தார்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் நிர்வாகம் அவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை. ஊர் வாழும் நிலையில் இல்லை என்று சொல்லி, 1945 டிசம்பரில் ஃபிஜியைச் சேர்ந்த ராம்பி என்ற தீவில் இறக்கிவிட்டது. 703 பேர். புயல் காலம். தங்குவதற்குக் கூடாரங்கள். அந்தத் தீவை வாங்கிய பணமும் யாரோ கொடுத்ததல்ல, அவர்களுடைய சொந்த பாஸ்பேட் பங்குத் தொகையிலிருந்து எடுத்த 25,000 பவுன். நிலநடுக்கோட்டு வெயிலில் வளர்ந்து, மீனும் தேங்காயும் தின்று பழகியவர்களுக்கு ராம்பியின் மழையும் குளிரும் பழக்கமே இல்லை.

ஆட்கள் போய்விட்டதால் பனாபாவில் சுரங்கத்துக்குத் தடை சொல்ல ஆளில்லை. 1979 வரை தோண்டினார்கள். ராம்பி மக்கள் 1970-களில் லண்டன் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு 200 நாட்களுக்கு மேல் நடந்தது. நீதிபதி மெகாரி தீவுக்கே வந்து பார்த்தார். 1976-ல் தீர்ப்பு. பிரிட்டிஷ் அரசுக்கு இவர்கள் மேல் கடமை உண்டுதான், ஆனால் அது அரசாங்கத்தின் பொதுவான கடமை, நீதிமன்றம் கட்டாயப்படுத்தக்கூடிய சட்டக் கடமை அல்ல என்று முடித்துவிட்டார். வெட்டிய மரங்களைத் திரும்ப நடாததற்குக் கிடைத்த நஷ்டஈடு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அப்புறம் 1977-ல் மூன்று அரசுகளும் கருணைத் தொகையாக ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் தர முன்வந்தன. பனாபாவைத் தனியாகப் பிரித்துத் தாருங்கள் என்ற கோரிக்கை எடுபடவில்லை. இன்று பனாபா கிரிபட்டி நாட்டின் ஒரு பகுதி. ராம்பியில் இருப்பவர்கள் ஃபிஜிக்காரர்கள். சொந்தத் தீவுக்காக கிரிபட்டி நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இப்போது நவூருவை இதன் பக்கத்தில் வையுங்கள். சுதந்திரத்துக்கு முன்னால் தோண்டிய நிலத்தைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது என்று விசாரிக்க 1986-ல் நவூரு அரசே ஓர் ஆணையத்தை நியமித்தது. அதற்குத் தலைமை வகித்தவர் இலங்கையின் சட்ட அறிஞர் சி. ஜி. வீரமந்திரி. பொறுப்பு ஆண்ட மூன்று அரசுகளுடையது என்று ஆணையம் பல தொகுதிகளாக எழுதிக் கொடுத்தது. 1989-ல் நவூரு ஆஸ்திரேலியாவை ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. இந்த வழக்கை விசாரிக்கவே கூடாது என்று ஆஸ்திரேலியா எழுப்பிய முக்கியமான ஆட்சேபங்களை 1992 ஜூனில் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அடுத்த வருஷமே ஆஸ்திரேலியா சமரசத்துக்கு வந்தது. 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர். அதில் பிரிட்டனும் நியூசிலாந்தும் ஆளுக்கு 1.2 கோடி போட்டன.

ஒரு கோடிக்கும் பத்துக் கோடிக்கும் இடையே பதினாறு வருஷ விலைவாசி இருக்கிறது, மக்கள்தொகையிலும் வித்தியாசம் உண்டு, அதனால் தொகையை மட்டும் வைத்து நான் பேசவில்லை. பனாபா மக்கள் ஒரு பேரரசின் குடிமக்களாக அதன் நீதிமன்றத்தில் போய் நின்றார்கள். நவூரு ஒரு நாடாக இன்னொரு நாட்டின் எதிரே நின்றது. சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள்தான் வழக்குப் போட முடியும். 1964-ல் கர்ட்டிஸ் தீவுக்குக் கிளம்பியிருந்தால் அந்த வழக்கின் முதல் பக்கத்தைக்கூட எழுதியிருக்க முடியாது.

கர்ட்டிஸ் தீவில் இன்று மூன்று பெரிய எரிவாயுத் திரவமாக்கும் ஆலைகள் இருக்கின்றன. அங்கே குடியேறியிருந்தால் அந்த ஆலைகள் வரும்போது அவர்களுடைய பேச்சு எவ்வளவு தூரம் எடுபட்டிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இரண்டாவது வழி: ஒட்டிக்கொண்டு ஆள்வது

மூன்றில் இதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்த வழி. நவூருவை முழுசாக விட ஆஸ்திரேலியாவுக்கு மனமில்லை. உள்நாட்டு விவகாரங்களை நீங்கள் பாருங்கள், பாதுகாப்பும் வெளியுறவும் எங்களிடம் இருக்கட்டும் என்ற நிலையில் 1967 வரைக்கும் பேசிப் பார்த்தது.

இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டவர்கள் குக் தீவுக்காரர்கள். 1965 ஆகஸ்ட் 4 முதல் அவர்கள் நியூசிலாந்தோடு இணைந்த சுயாட்சி நாடு. சொந்த நாடாளுமன்றம் உண்டு. நியூசிலாந்து டாலர், நியூசிலாந்து பாஸ்போர்ட். வேண்டாம் என்று தோன்றினால் தாங்களாகவே விலகிக்கொள்ளவும் வழி உண்டு.

எப்படி இருக்கிறார்கள்? வசதியாகத்தான் இருக்கிறார்கள். 1970-களில் தலைமைத் தீவான ரரோடோங்காவில் சர்வதேச விமான நிலையம் வந்தது, சுற்றுலா பெருகியது, 2020-ல் உயர் வருமான நாடுகளின் பட்டியலுக்குப் போனார்கள். சராசரி குக் தீவுக்காரரின் வாழ்க்கை சராசரி நவூருக்காரரின் வாழ்க்கையைவிட நிம்மதியானது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த விமான நிலையம் வழியாக வந்தவர்களைப் போலப் போனவர்களும் அதிகம். 1970-களின் தொடக்கத்தில் 21,000-ஐ ஒட்டி இருந்த மக்கள்தொகை இன்று 15,000 அளவுக்கு இறங்கிவிட்டது. நியூசிலாந்தில் தங்களைக் குக் தீவு இனத்தவர் என்று பதிவு செய்தவர்கள் 2018 கணக்கெடுப்பிலேயே 80,000-ஐத் தாண்டினார்கள். ஊரில் ஒருவர் இருந்தால் வெளியே ஐந்து பேர். பிள்ளைகள் ஆக்லாந்தில் வளர்கிறார்கள், தாய்மொழி அங்கே தேய்கிறது. 1,500-வது குழந்தைக்காகக் காத்திருந்த ஓர் இனத்துக்கு இது எப்படிப்பட்ட விலை என்று எண்ணிப் பாருங்கள்.

பெரிய நாடு பக்கத்தில் இருந்தால் பணத்தைப் பொறுப்பாகக் கையாள்வார்கள் என்ற நம்பிக்கைக்கும் குக் தீவுகள் பதில் வைத்திருக்கின்றன. 1990-களின் நடுவில் அந்த நாடு கடனில் மூழ்கியது. அரசு ஜாமீன் நின்ற ஒரு பெரிய ஹோட்டல் திட்டம் பாதியில் நின்று, வெறும் கான்கிரீட் கூடாகப் பல வருஷம் ரரோடோங்காவின் தென்கரையில் நின்றது. அரசு ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நவூரு செய்த அதே தவறு, சின்ன அளவில்.

வித்தியாசம் அதற்குப் பிறகுதான். வேலை போன குக் தீவுக்காரர் விமானம் ஏறி ஆக்லாந்துக்குப் போய்விட்டார், விசா வேண்டியதில்லை. 2003-ல் நவூருவில் வெளியுலகத்தோடு தொலைபேசித் தொடர்பே அறுந்துபோனது. மின்சாரம் விட்டுவிட்டு வந்தது. சம்பளம் நின்றது. அங்கே இருந்தவர்களுக்குப் போக ஒரு கதவும் இல்லை. தனித்து நின்றதன் விலை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். தவறு செய்யும்போது தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. மூன்றாவது வழியை ஆதரிப்பவர்கள் இதை மறைக்கக் கூடாது.

மூன்றாவது வழி: தனித்து நிற்பது

1962-ல் மேற்கு சமோவா சுதந்திரம் அடைந்திருந்தது. ஐ.நா.வின் மேற்பார்வையில் வேறு நாடு நிர்வகிக்கும் பொறுப்பாட்சிப் பகுதி என்ற முறையில் நவூருவுக்கு நியூயார்க்கில் பேச ஒரு மேடை இருந்தது. டிரோபர்ட் அதை நன்றாகப் பயன்படுத்தினார். அவர் செய்த பேரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அரசியல் சுதந்திரத்தையும் பாஸ்பேட்டையும் அவர் பிரிக்கவே விடவில்லை என்பது. தொழிலைக் கூட்டாக நடத்தலாம் என்றார்கள். அவர் கேட்டது சொந்த உடைமை. 1967-ல் ஒப்பந்தம் ஆனது. ஆணையத்தின் இயந்திரங்கள், கப்பல் ஏற்றும் பாலங்கள், குடியிருப்புகள் எல்லாவற்றையும் சுமார் 2 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு நவூரு விலைக்கு வாங்கியது. 1970 ஜூலை 1 முதல் தொழில் முழுக்க நவூருவின் கையில். சொந்தக் கல்லைத் தோண்டும் இயந்திரத்துக்குச் சொந்தக் கல்லை விற்றே விலை கொடுத்தார்கள்.

காலமும் கைகொடுத்தது. 1974-ல் உலகச் சந்தையில் பாஸ்பேட் விலை பல மடங்கு ஏறியது. பழைய ஆணையத்தின் நாட்களில் அந்தக் கல் உலக விலைக்குக் குறைவாகவே ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விவசாயிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஏற்பாடு தொடர்ந்திருந்தால் விலையேற்றத்தின் பலன் நவூருவுக்கு எட்டியே இருக்காது.

இன்னொரு சொத்து 1964-ல் யார் கண்ணிலும் படவில்லை. கடல். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை ஒரு நாட்டுக்குப் பொருளாதார உரிமை உண்டு என்ற விதி உலக அளவில் உறுதியானது 1982-ல்தான். அதன்படி 21 சதுர கிலோமீட்டர் நாட்டுக்கு மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடைத்தது. உலகின் மிகச் சிறந்த சூரைமீன் கடல்களில் ஒன்று. அதே 1982-ல் எட்டுத் தீவு நாடுகளின் மீன்பிடிக் கூட்டணிக்கு நவூருவிலேயே முதல் கையெழுத்துகள் விழுந்தன. நவூரு ஒப்பந்தம் என்றே அதற்குப் பெயர். அந்தக் கூட்டணி பின்னாளில் அயல்நாட்டுக் கப்பல்களுக்கு இத்தனை கப்பல் என்று எண்ணி உரிமம் கொடுப்பதை விட்டுவிட்டு நாள் கணக்கில் விற்க ஆரம்பித்தது. இன்று ஒரு கப்பல் அங்கே ஒரு நாள் வலைவீசக் குறைந்தபட்சம் 8,000 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். 2010-ல் கூட்டணி முழுவதற்கும் ஆறு கோடி டாலர் அளவில் இருந்த வருமானம் சில வருஷங்களில் ஐம்பது கோடியை நெருங்கியது.

கர்ட்டிஸ் தீவுக்குப் போயிருந்தால் இந்தக் கடல் ஆஸ்திரேலியாவுடையது. பனாபாவைச் சுற்றியுள்ள கடல் இன்று பனாபா மக்களின் பெயரில் இல்லை. நாடு என்ற தகுதியை வைத்திருப்பதால் பின்னால் என்னென்ன வரும் என்று முடிவெடுக்கும் நாளில் யாராலும் விலை போட முடியாது. எனக்கு மூன்றாவது வழியே சரி என்று படுவதற்கு முதல் காரணம் இதுதான்.

பணத்தை யார் கையில் விடுவது

அப்படியானால் நவூரு ஏன் விழுந்தது? இங்கே இரண்டு முடிவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாடு வேண்டுமா என்று 1964-ல் கேட்ட கேள்வி ஒன்று. நாட்டுக்கு வரும் பணத்தை எந்தப் பூட்டுக்குள் வைப்பது என்ற கேள்வி வேறொன்று. முதல் கேள்விக்கு நவூரு நிதானமாக யோசித்துப் பதில் சொன்னது. இரண்டாவது கேள்விக்கு நேரமே ஒதுக்கவில்லை.

பாஸ்பேட் தீரும் நாளுக்காக நவூரு ஒரு நிதியம் வைத்திருந்தது உண்மை. ஒரு காலத்தில் அதன் மதிப்பு 100 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. மெல்போர்னின் காலின்ஸ் தெருவில் 52 மாடி நவூரு ஹவுஸ் 1977-ல் எழும்பியது. பல ஊர்களில் ஹோட்டல்கள். பத்தாயிரம் பேர்கூட இல்லாத நாட்டுக்கு ஏழு விமானங்கள் வரை வைத்திருந்த ஒரு விமானக் கம்பெனி, ஏராளமான நஷ்டத்தில். 1993-ல் லண்டனில் ஓர் இசை நாடகத்துக்கும் முதல் போட்டார்கள், ஐந்தே வாரத்தில் திரை விழுந்தது. வரி கிடையாது. வரவுசெலவில் துண்டு விழும்போதெல்லாம் நிதியத்தின் சொத்தை அடகு வைத்துக் கடன் வாங்கினார்கள். கணக்கு விவரங்கள் மக்கள் பார்வைக்கு வரவே இல்லை. 2004-ல் கடன்காரர்கள் நவூரு ஹவுஸை எடுத்து விற்றார்கள். 2005 டிசம்பரில் மிஞ்சியிருந்த ஒரே விமானமும் பறிமுதலானது.

பக்கத்து கிரிபட்டியும் 1956-ல் ஒரு நிதியம் தொடங்கியது, பனாபா பாஸ்பேட் பணத்தில். 1979-ல் பாஸ்பேட் தீர்ந்தது, அதே வருஷம் சுதந்திரமும் வந்தது. நிதியத்தை ஹோட்டலிலும் கட்டடத்திலும் போடாமல் வெளிநாட்டுப் பங்குகளிலும் கடன்பத்திரங்களிலும் பரப்பி வைத்தார்கள். தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்தார்கள். இன்று அதுவும் 100 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டி நிற்கிறது. கிரிபட்டி பணக்கார நாடு இல்லை, வளர்ச்சியில் மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில்தான் இன்னமும் இருக்கிறது. நிதியம் மட்டும் வறுமையைத் தீர்த்துவிடாது. ஆனால் ஒரு நாள்கூட அது திவாலாகவில்லை. இந்த நிதியத்துக்கு ஆரம்பப் பணம் பனாபா மண்ணிலிருந்து வந்தது, அனுபவிப்பது கிரிபட்டி முழுவதும் என்பதில் ராம்பி மக்களுக்கு இருக்கும் வருத்தமும் நியாயமானதே.

துவாலு வைத்திருப்பது மூன்றாவது மாதிரி. பாஸ்பேட்டே இல்லாத நாடு. 1987-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் முதலிய நாடுகள் போட்ட 2.7 கோடி ஆஸ்திரேலிய டாலரோடு ஒரு நிதியம் ஆரம்பித்தது. விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும் முதல் குறையாமல் இருந்தால்தான் மேல்மிச்சத்தை எடுக்கலாம். நிர்வாகக் குழுவில் பணம் போட்ட நாடுகளும் உட்கார்ந்திருக்கும்.

கிரிபட்டி, துவாலு, நவூரு மூன்றுமே சுதந்திர நாடுகள், மூன்றுமே குட்டித் தீவுகள். ஒன்றின் பணம் கரைந்தது, இரண்டின் பணம் நின்றது. சின்ன நாடு என்பதாலேயே நவூரு அழிந்தது என்று சொல்பவர்கள் இந்த இரண்டுக்கும் என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? நவூருவே 2015-ல் புது நிதியம் ஒன்றைத் தொடங்கியபோது துவாலுவின் வழியைத்தான் பிடித்தது. பணம் போட்ட வெளிநாடுகளையும் குழுவில் உட்காரவைத்தது. 1968-ல் இதை யாராவது சொல்லியிருந்தால் அவமானமாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். அன்றைய மனநிலையில் அது இயல்புதான்.

பணம் போன பிறகு நடந்தது நம்மவர்களுக்கும் தெரிந்த கதை. 2001-ல் ஆஸ்திரேலியா படகில் வந்த அகதிகளை அடைத்துவைக்க இடம் தேடியபோது நவூரு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் உதவிக்கு ஒப்புக்கொண்டது. 2007-ல் அங்கே கொண்டுபோகப்பட்ட இலங்கையர் 83 பேரில் பெரும்பாலோர் தமிழர். 2012-ல் முகாம் மறுபடி திறந்தபோது முதலில் இறக்கப்பட்டவர்களும் இலங்கையிலிருந்து வந்தவர்களே. தங்களை வேறு தீவுக்கு மாற்ற விடாத ஒரு மக்களின் மண்ணில், வீடிழந்து வந்த நம் ஆட்களை வேலிக்குள் வைத்தார்கள். டிரோபர்ட் சம்பாதித்த இறையாண்மையை விற்ற விலை இது. கையில் காசில்லாத நாட்டிடம் விற்க வேறு எதுவும் இருக்கவில்லை.

மறுபடியும் அதே கேள்வி

2024 டிசம்பரில் நவூருவும் ஆஸ்திரேலியாவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பாதுகாப்பு, வங்கி, தொலைத்தொடர்பு விஷயங்களில் வேறு நாடுகளோடு போகும் முன் ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். பதிலுக்கு ஐந்து வருஷத்தில் 10 கோடி டாலர் பட்ஜெட் உதவியும், காவல்துறைக்கு 4 கோடியும், தீவில் ஒரு வங்கியும். 1967-ல் டிரோபர்ட் மறுத்த இரண்டாவது வழியின் சாயல் இதில் இருக்கிறது. ஆனால் ஒரு நாடாக இருந்து, விலை பேசிக் கொடுத்தது. ஒரு நாடு போட்ட ஒப்பந்தத்தை மறுபடி பேசலாம்.

துவாலுவும் 2023-ல் ஆஸ்திரேலியாவோடு ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. கடல்மட்டம் ஏறுவதால் வருஷத்துக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். கடல் என்ன செய்தாலும் துவாலு ஒரு நாடாகவே தொடரும் என்று அதே உடன்படிக்கையில் ஆஸ்திரேலியா எழுதிக் கொடுத்திருக்கிறது. போகவும் வேண்டும், நாடாகவும் இருக்க வேண்டும் என்று 1964-ல் டிரோபர்ட் கேட்டபோது முடியவே முடியாது என்றார்கள். இப்போது அதன் ஒரு பாதியாவது காகிதத்தில் ஏறியிருக்கிறது. 2025-ல் முதல் குலுக்கலுக்கு துவாலு மக்களில் மிகப் பெரும்பாலோர் பெயர் கொடுத்தார்கள்.

நவூரு மக்கள் போக நினைக்கும் இடம் வேறு. பெரும்பாலானோர் இன்று கரையோரமாக ஒரு மெல்லிய வளையத்தில்தான் குடியிருக்கிறார்கள், அந்த வளையத்தைத்தான் கடல் நெருங்குகிறது. தீவின் நடுவே, பாஸ்பேட் எடுத்துவிட்டுப் போன மேட்டுநிலம் இருக்கிறது. அங்கே ஆள் உயரத்துக்கும் மேலே சாம்பல் நிறப் பவளப் பாறை முனைகள் காடு மாதிரி நிற்கின்றன, இடையிடையே குழிகள். அந்த முனைகளை உடைத்துச் சமப்படுத்தி வீடு கட்டுவதென்று திட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பணம் திரட்டத்தான் 2025-ல் 1,05,000 அமெரிக்க டாலருக்குக் குடியுரிமை விற்கவும் தொடங்கினார்கள். முதல் கட்டத்துக்கு எடுத்துக்கொண்டது பத்து ஹெக்டேர். இனி அங்கே மனிதர் வாழ முடியாது என்று 1964-ல் ஆஸ்திரேலியா சொன்ன அதே நிலம்.